படத்தில் வராத சூடு

அன்புள்ள ஐயா,

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். சென்ற மாதம் என் பிறந்தநாளுக்குத் தோழிகள் மூவர் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்த இடத்துத் தட்டுகளின் படங்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மேசை கிடைக்கவே மூன்று வாரம் காத்திருந்தோம். வந்த தட்டுகள் உண்மையிலேயே அவ்வளவு அழகு. நால்வரும் படம் எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் சாப்பிட்டால் எதுவுமே பிடிக்கவில்லை. சூப் ஆறியிருந்தது. பொரித்தவை நமுத்திருந்தன. ஐஸ்கிரீம் மெழுகுபோல இருந்தது; கடைசிவரை உருகவே இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து படங்களைப் போட்டு, ‘வாழ்நாளில் மறக்க முடியாத சாப்பாடு’ என்று எழுதினேன். நிறைய பேர் லைக் போட்டார்கள். நேற்று என் சித்தி மகள், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அங்கே மேசை பதிவுசெய்துவிட்டதாகச் சொன்னாள். அதிலிருந்து மனசு சரியில்லை. எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா? நான் எழுதியது பொய்தானா?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. ஆறியதை ஆறியது என்றும் நமுத்ததை நமுத்தது என்றும் அது சரியாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்புங்கள்.

சாப்பாட்டில் கேமராவுக்குப் பிடிபடுவது நிறமும் வடிவமும் மட்டும்தான். மணம், சூடு, மொறுமொறுப்பு மூன்றும் படத்தில் வராது. அடுப்பிலிருந்து இறக்கிய நொடியிலிருந்து குறைந்துகொண்டே போவதும் இந்த மூன்றும்தான். பொரித்த பண்டத்தின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கோபுரம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவி போக வழியில்லை, மேல்தோலிலேயே படிந்துவிடுகிறது. அடியில் இருப்பது முதலில் நமுத்துப்போகும். அகலத் தட்டில் தூரிகையால் இழுத்த மாதிரி மெல்லிசாகத் தீற்றிய சாஸும் அப்படித்தான். கிண்ணத்தில் இருந்தால் தாங்கும் சூடு அங்கே தாங்காது. கோபுரமும் தீற்றலும் படத்துக்கு நல்லவை. நீங்கள் சாப்பிட்டது அவற்றின் விலையை.

ஐஸ்கிரீம் உருகவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். விளக்கொளியில் நின்று தாங்க வேண்டும் என்று நினைத்தால், பிசின் போன்ற நிலைப்படுத்திகளைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். தட்டில் உருகாதது வாயிலும் எளிதில் உருகாது, அதனால்தான் மெழுகு. சில இடங்களில் அளவுக்கு மீறி உறையவைத்துத் தருவதும் உண்டு. அதிலும் நஷ்டம் நமக்குத்தான். இனிப்பை உணரும் செல்களில் உள்ள ஒரு புரதம் குளிரில் மந்தமாகவும் வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். கொஞ்சம் இளகிய ஐஸ்கிரீம் கூடுதலாக இனிப்பது அதனால்தான்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது பழுப்பு நிறத்தின் கதி. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் வினையை லூயி காமில் மேயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்தார். ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை, சுட்ட இறைச்சி, எல்லாவற்றின் மணத்துக்கும் அந்த வினையே முதல் காரணம். சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது வேகம் பிடிக்கும். பொறுமையாக வறுத்ததும், நெடுநேரம் வதக்கியதும், அடிப்பிடிக்கும் முன் கிளறி எடுத்ததும் பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். கேமராவுக்கோ பழுப்பு ஆகாது. படத்தில் சேறு மாதிரி தெரியும். அதனால் படத்துக்காகவே சமைக்கும் அடுக்களை மெல்ல மெல்லப் பழுப்பை விட்டு விலகுகிறது. அந்த இடத்துக்குப் பூவிதழும் வண்ணப்பொடியும் தங்கத் தாளும் வருகின்றன. தங்கத் தாளுக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது, அது செரிப்பதும் இல்லை. நல்ல சமையல்காரரின் கைக்கு அங்கே என்ன வேலை என்று எண்ணும்போது மனம் கஷ்டப்படுகிறது.

இப்படி ஓர் இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் கூட்டிப் போனான். சூப்பின் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, உள்ளே புகையை நிரப்பிக் கொண்டுவந்தார்கள். பரிமாற வந்தவர் இருபது வயதுப் பையன். தட்டை வைத்ததும் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார், தட்டை விரற்கடை அளவு திருப்பினார். தட்டுக்கு முகம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூடியின் மேல் கைவைத்தபடி “ரெடியா?” என்று கேட்டார். திறந்தார். இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை, புகை போய்விட்டது. மகன் பொத்தானை அழுத்தத் தவறிவிட்டான். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் தட்டை உள்ளே எடுத்துப்போய் மறுபடி புகை நிரப்பி வந்தார். இரண்டாவது படத்தில் என் மனைவியின் கை விழுந்துவிட்டது. மூன்றாம் முறை சரியாக வந்தது. அதற்குள் சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. மனைவி அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் குடித்துப் பார்த்தாள். மூன்று தடவை ஏறிய புகையின் கசப்புதான் வாயில் நின்றது. சூப் எதில் செய்தது என்றே தெரியவில்லை. அடுக்களையில் யாரோ ஒருவர் அதைக் காலையிலிருந்து கொதிக்கவிட்டிருப்பார்.

அழகு வேண்டாம் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணும் சேர்ந்துதான் ருசி பார்க்கிறது. 2001-இல் பிரான்சின் போர்டோ நகரத்து ஆய்வு ஒன்றில், வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் சொற்களாலேயே அதன் மணத்தை அவர்கள் வர்ணித்தார்கள். 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஸ்ட்ராபெரி மூஸ் (நுரைபோன்ற இனிப்பு) கறுப்புத் தட்டைவிட வெள்ளைத் தட்டில் கூடுதலாக இனித்ததாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். தட்டை அழகாக வைப்பது சமையலின் ஒரு பகுதி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படம் எடுப்பதும் குற்றமில்லை. படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அந்த அனுபவத்தில் கூடுதலாக ஒன்றினார்கள், கூடுதலாக ரசித்தார்கள் என்று 2016-இல் டீல், சாபர்மன், பராஷ் ஆகிய மூவரின் ஆய்வு காட்டியது. அதே மூவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வுதான் உங்கள் கடிதத்தை நேராகத் தொடுகிறது. தனக்காக, நினைவுக்காகப் படம் எடுத்தவர்களைவிட, சமூக ஊடகத்தில் போடுவதற்காக எடுத்தவர்கள் குறைவாகவே ரசித்தார்கள். நான்கு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை உள்ளே நுழைந்துவிடுகிறது. அந்தக் கால் மணி நேரம் நீங்கள் உங்கள் மேசையிலேயே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோழிகளும் இருந்திருக்க மாட்டார்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படங்கள் பொய் இல்லை, தட்டுகள் அழகாகத்தான் இருந்தன. கீழே எழுதிய வரி பொய். மூன்று வாரக் காத்திருப்பு, தோழிகளின் அன்பு, பிறந்தநாள், இத்தனையும் வீணாகிவிட்டது என்று சொல்ல உங்களுக்கு மனம் வந்திருக்காது. நல்ல மனசில் பிறந்த பொய்தான். ஆனால் அதை நம்பி இன்னொருத்தி கிளம்பிவிட்டாள். யாரோ ஒருவர் போட்ட இப்படி ஒரு படத்தையும் வரியையும் நம்பித்தானே நீங்களும் போனீர்கள்? அவருக்கும் சூப் ஆறியிருக்கலாம்.

இன்றே சித்தி மகளைக் கூப்பிடுங்கள். போக வேண்டாம் என்று தடுக்கத் தேவையில்லை. சூப் வந்ததும் முதல் வாய் குடித்துவிடச் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் மேசைக்கு ஒருவர், ஒரே ஒரு படம். பொரித்த அடுக்கை வந்தவுடன் கலைத்துப் பரப்பிவிடச் சொல்லுங்கள், அடியில் இருப்பதும் கொஞ்சம் தப்பிக்கும். ஐஸ்கிரீமுக்கு என்னிடம் வழி இல்லை.

உங்கள் பதிவை நீக்க வேண்டாம். படங்கள் அப்படியே இருக்கட்டும். கீழே இருக்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டு, எனக்கு எழுதிய மூன்று வரிகளை அங்கே போடுங்கள்: சூப் ஆறியிருந்தது. பொரித்தவை நமுத்திருந்தன. ஐஸ்கிரீம் மெழுகுபோல இருந்தது. கூடவே, கால் மணி நேரம் படம் எடுத்தோம் என்பதையும்.