வெளியில் துணி காயப்போட்டால் அக்கம்பக்கத்தார் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

"வெயிலில் துணி உலர்த்துவது ஒரு குற்றமா? புது அடுக்ககத்தில் பால்கனியில் கொடி கட்டினேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குற்றமில்லை. ஆனால் அவர்களுக்கு எரிச்சல் துணியைப் பார்த்தா, துணியிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தா என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டும் வேறு வேறு சண்டை. நான் இரண்டிலும் மாட்டியிருக்கிறேன். தண்ணீர்ச் சண்டை சிங்கப்பூரில், பார்வைச் சண்டை கலிபோர்னியாவில்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணத்துப் பக்கம். கொல்லையில் கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே கொடி. பாட்டி ஆசாரத்துக்காகத் தனியாக வைத்து உடுத்தும் மடித்துணி மட்டும் கூடத்தில், மேலே கட்டித் தொங்கவிட்ட மூங்கிலில். கோலால் தூக்கிப் போட்டுக் கோலாலேயே எடுக்க வேண்டும். நம் கை பட்டால் போச்சு, மறுபடி நனைக்க வேண்டும். அதனால் துணி உலர்த்துவதில் சட்டதிட்டம் இருப்பது எனக்குப் புதிதில்லை. இன்னொரு விதியும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்: உள்ளாடையைக் கொடியில் அப்படியே போடக் கூடாது, மேலே ஒரு துண்டையோ பாவாடையையோ போர்த்த வேண்டும். வெயிலே படாமல் அது எப்படிக் காயும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

1991-இல் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தேன். அங் மோ கியோவில் வீவக வீடு, ஆறாவது மாடி. (வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அரசு கட்டி விற்கும் அடுக்குமாடி வீடுகள். இங்கே குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பக்கம் அதில்தான்.) வந்த மறுநாள் காலை சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்ப் புளோக் முழுக்க மூங்கில் கழிகள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, வீட்டுக்கு மூன்று நான்கு. சட்டை, கைலி, பள்ளிச் சீருடை, போர்வை, அப்புறம் உள்ளாடையும்தான், பட்டப்பகலில், துண்டும் இல்லை பாவாடையும் இல்லை. நான்தான் கூச்சப்பட்டு ஜன்னலைச் சாத்தினேன். அங்கே யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

அந்தக் கழியில் துணி போடுவது ஒரு தனி வித்தை. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் குட்டைக் குழாய்கள் பதித்திருப்பார்கள். சட்டையின் ஒரு கை வழியே கழியை நுழைத்து மறு கை வழியே எடுத்து, அடுத்த சட்டை, அதற்கடுத்த சட்டை என்று பூக்கோர்ப்பது போல் கோர்த்து, கிளிப் போட்டு, கழியை வெளியே நீட்டி, அடிநுனியைக் குழாயில் செருக வேண்டும். ஈரத்துணியோடு கழி என்ன கனம் என்கிறீர்கள்! உடம்பில் பாதி ஜன்னலுக்கு வெளியே இருக்கும். முதல் மாதம் முழுக்க வீட்டுக்காரர்தான் வேலைக்குக் கிளம்புமுன் செருகிவிட்டுப் போவார். கை நழுவினால் கழி ஈட்டி மாதிரி கீழே போகும். மாடியிலிருந்து பொருள் விழுவதை இந்த ஊரில் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வழக்குப் போடுவார்கள். வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

சட்டைக்குச் சரி, புடவைக்கு? ஐந்தரை மீட்டரை நாலாக மடித்துப் போட்டாலும் காற்றடித்தால் பிரிந்து கீழ்வீட்டு ஜன்னலை மூடிவிடும். ஒருநாள் பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். ஐந்தாவது மாடிச் சீன ஆன்ட்டி. கையில் வெள்ளை மெத்தை விரிப்பு, அதில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சுங்குடிப் புடவையின் சாயம் அது.

அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அப்போது மலாயும் வராது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மின்தூக்கிக்குக்கூடப் போகாமல் படியில் இறக்கி, தன் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலில் என்னை நிறுத்தி, மோவாயைத் தொட்டு முகத்தை மேலே திருப்பினார். என் புடவையை அடியிலிருந்து அன்றுதான் பார்த்தேன். கரையோரம் பூராவும் துளி கட்டி நிற்கிறது, ஒவ்வொன்றாக விடுபட்டு நேராக அவருடைய கழியில் விழுகிறது. மேலே நின்று பார்க்கும்போது ஏதோ லேசாகச் சொட்டுவது போலத்தான் தெரிந்தது. கீழே அது மழை.

அப்புறம் அவரே கையால் ஜாடை காட்டிப் பாடமும் எடுத்தார். பிழிந்த துணியை முதலில் குளியலறையில் அரைமணி நேரம் தொங்கவிடு. சொட்டு நின்றதும் கழிக்கு மாற்று. சாயம் போகும் துணியை வெளியே கொண்டுவராதே. அந்த விரிப்பை நான் வாங்கி வந்து இரண்டு முறை ஊறவைத்துத் துவைத்தும் திட்டு முழுதாகப் போகவில்லை. புதிது வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பழையதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் முறை வந்தது. மேலே ஏழாவது மாடியில் யாரோ தரை துடைக்கும் மாப்பை அலசி ஜன்னலில் தொங்கவிடுவார்கள். காய்ந்து எடுக்கிற நேரத்தில் என் வேட்டி துண்டெல்லாம் அழுக்குத் தண்ணீர். ஆத்திரத்தோடு மேலே போனேன். படியேறும்போது ஆன்ட்டி ஞாபகம் வந்தது. "ஒரு நிமிஷம் கீழே வாங்களேன்" என்று அந்த வீட்டுப் பையனைக் கூட்டிவந்து என் ஜன்னலில் நிறுத்தினேன். மாப்பு அன்றே இடம் மாறியது. எல்லோரும் இப்படிக் கேட்பார்கள் என்று சொல்லமாட்டேன். பின்னால் ஒரு வாடகைக்காரர் வந்தார், கதவையே திறக்கமாட்டார். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் 1998-லிருந்து சமூகச் சமரச நிலையமும், 2015-லிருந்து அக்கம்பக்கத் தகராறுகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றமும் இருக்கின்றன. நான் அதுவரை போகவில்லை. அவரே காலி செய்துகொண்டு போய்விட்டார்.

கழியோடு வாழ்ந்தால் வேறு சிலதும் கூடவே வரும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்குக் காகிதப் பணம் எரிப்பார்கள். அதற்கென்று பெரிய தொட்டிகள் வைத்திருப்பார்கள், ஆனாலும் சாம்பல் பறந்து வந்து வெள்ளை வேட்டியில் உட்காரும். முதல் வருஷம் மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பத் துவைத்தேன். அடுத்த வருஷம் சாயங்காலத்துக்கு முன்பே ஆன்ட்டி வந்து துணியை எடுக்கச் சொன்னார். சாம்பலுக்காக என்று நினைத்தேன். அது மட்டுமில்லையாம், அந்த மாதத்தில் இரவில் துணி வெளியே தொங்கினால் அலைகிற ஆவிகள் போட்டுப் பார்க்குமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு வைத்த பிறகு கைக்குழந்தையின் துணி கொடியில் இருக்கக் கூடாது என்று என் பாட்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் எங்களுக்குள் நெருக்கம் வந்தது என்று நினைக்கிறேன், விரிப்பு வாங்கிக் கொடுத்த அன்று அல்ல.

டெங்கியும் இதில் சேர்த்தி. கழி செருகாதபோது அந்தக் குழாயில் மழைத்தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். பயன்படுத்தாத குழாய்க்கு மூடி போடுங்கள் என்பது இங்கே அரசாங்கம் வருஷா வருஷம் சொல்லும் கொசு ஒழிப்புக் குறிப்புகளில் ஒன்று. 2013 ஜூனில் சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வந்தபோது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. அந்த நாட்களில் மட்டும் எதிர்ப் புளோக்கில் ஒரு கழிகூட இல்லாமல் சுவர் மொட்டையாக நின்றது. வெறும் கழி இல்லாததற்கா மனசு இப்படி அடித்துக்கொள்ளும் என்று இருந்தது.

இப்போது கழி குறைந்துவிட்டது. புது வீடுகளில் சுவரோடு ஒட்டிய உலோகச் சட்டம், இல்லையென்றால் கூரையிலிருந்து பொத்தானை அழுத்தினால் இறங்கும் ஏணி மாதிரி ஒன்று. வசதி உள்ளவர்கள் வாங்கும் காண்டோமினியங்களில் பலவற்றில் பால்கனியில் துணி வெளியே தெரியவே கூடாது. கட்டடத்தின் முகம் கெடுமாம். ஒரே ஊரில், ஒரே வெயிலில், சாலைக்கு இந்தப் பக்கம் போர்வை பறக்கிறது, அந்தப் பக்கம் அபராதக் கடிதம் வருகிறது.

அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்தது கலிபோர்னியாவில். 2018-இல் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். கைக்குழந்தை வீட்டில் நாளைக்கு இருபது துணியாவது சேரும். வெளியே கொளுத்துகிற வெயில், பஞ்சு மாதிரி காற்று, மழை என்ற பேச்சே இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாள் பக்கம் மழை பெய்யும், அதற்கு நடுவில் துணி காயவைத்துப் பழகிய எனக்கு அந்த வெயில் வரப்பிரசாதமாகத் தெரிந்தது. மாடி பால்கனிக் கைப்பிடியில் கயிறு கட்டி வரிசையாகப் போட்டேன். நான்காம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம், கூடவே என் பழைய புடவையில் கிழித்த குழந்தைத் துணிகளின் போட்டோ. யார் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததுதான் புகார்.

மாப்பிள்ளை உட்கார்ந்து சட்டத்தைப் படித்தார். கலிபோர்னியாவில் 2015-இல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள், 2016-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்காரர் தனக்கென்று மட்டும் பயன்படுத்தும் கொல்லைப்புறத்தில் கொடி கட்டுவதைச் சங்கம் முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் அதே சட்டம் பால்கனியும் கைப்பிடியும் கொடி ஆகாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக நான் கட்டியது தப்பு, கட்ட வேண்டிய இடம் வேறு. துணி உலர்த்தும் உரிமைக்குச் சட்டம் தேவைப்படுகிற தேசமும் உண்டா என்று கேட்டேன். புளோரிடாவில் உண்டாம், வெர்மான்டில் 2009-இல் வந்ததாம். சரி என்று பின்னால் இருந்த பத்தடி இடத்தில் மடக்கு ஸ்டாண்டு வாங்கிப் போட்டோம்.

அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "உங்கள் ட்ரையர் கெட்டுப்போய்விட்டதா? கூச்சப்படாமல் என் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்." நல்ல மனசு. கடிதம் புரியாத எனக்கு அந்தக் கேள்வியில்தான் புரிந்தது. அங்கே கொடியில் துணி தொங்கினால் அந்த வீட்டில் காசு இல்லை என்று அர்த்தம். தெருவில் ஒரு வீட்டில் காசு இல்லை என்று தெரிந்தால் மற்ற வீடுகளின் விலை இறங்கிவிடுமோ என்று பயம். 240 வோல்ட் மின்சாரத்தில் ஒரு மணி நேரம் ஓடுகிற பெட்டியை வெயிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்றால் அந்தப் பயம் எவ்வளவு பெரிது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் சேரும் பஞ்சை நான் எடுத்துப் பார்ப்பேன். பஞ்சா அது, நம் துணி.

இப்போது உங்கள் விஷயம். ஒருநாள் துணி போட்டுவிட்டுக் கீழ்வீட்டு வாசலிலோ பக்கத்துப் பால்கனியிலோ நின்று உங்கள் கொடியைப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால், புடவை அவர்கள் வெளிச்சத்தை மறைத்தால், தப்பு உங்களுடையதுதான். பிழிந்து சொட்டு நின்ற பிறகு போடுங்கள், கயிற்றைக் கைப்பிடிக்கு உள்பக்கமாக இறக்கிக் கட்டுங்கள், போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் வாருங்கள். ஒன்றுமே இல்லை, பார்க்க நன்றாக இல்லை என்பதுதான் புகார் என்றால் சங்க விதியை எழுத்தில் கேளுங்கள். விதி இருந்தால் மொட்டை மாடியில் கொடிக்கு இடம் கேட்பது உங்கள் உரிமை. பல சங்கங்கள் மாடிச் சாவியைப் பூட்டி வைத்துக்கொண்டு பால்கனியிலும் போடாதே என்கின்றன. அப்படியென்றால் எங்கேதான் போடுவது? இந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம். விதியே இல்லையென்றால் போட்டுக்கொண்டே இருங்கள், அவர்கள் கண் பழகிவிடும்.

ஆன்ட்டி மகன் வீட்டோடு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. எனக்கு முட்டி வலி வந்தபின் கழியை விட்டுவிட்டு உலோகச் சட்டத்துக்கு மாறினேன். ஆனால் எதிர்ப் புளோக்கில் நான்காவது மாடியில் ஒரு மலாய் அம்மா இன்னும் கழிதான். எங்களுக்கு முன்னால் அவருக்கு மேகம் தெரியும். மத்தியானம் இரண்டு மணி வாக்கில், எல்லோரும் கண்ணயர்கிற நேரத்தில், ஜன்னலில் தலையை நீட்டி "ஹுஜான்! ஹுஜான்!" என்று ஒரு குரல் கொடுப்பார். மலாயில் மழை. அவ்வளவுதான், இரண்டு புளோக்கிலும் தடதடவென்று ஜன்னல் திறக்கும், கழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். நேற்று நான் தூங்கிவிட்டேன். என் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.