50 சதவீதம்னா பாதி வாழ்க்கை போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறோம். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகும் என் ஆத்தாவுக்கு (66 வயது) இடது கை, கால் சரியாக வரவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் 50 சதவீதம் போட்டிருக்கிறது. “பாதிதானே, சமாளிச்சுக்கலாம்” என்கிறார்கள் உறவுக்காரர்கள். ஆத்தாவோ வெளியிலேயே வருவதில்லை. பிசியோதெரபியால் தேறி வருகிறார்களா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்: அந்த 50 உடம்பில் இருக்கும் குறையின் அளவு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் உண்டு, அதற்கு அந்தச் சான்றிதழ் அவசியம், பத்திரமாக வையுங்கள். ஆனால் ஆத்தா காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதைச் செய்கிறார், எதில் திணறுகிறார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதைப் பார்க்கத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 (WHODAS 2.0) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 36 கேள்வி கொண்டது ஒன்று, 12 கேள்வி கொண்டது ஒன்று. உங்களுக்குச் சின்னதே போதும், ஐந்து நிமிஷ வேலை. போன 30 நாளில் அரை மணி நேரம் நிற்பது, ஒரு கிலோமீட்டர் நடப்பது, குளிப்பது, உடுத்துவது, வீட்டுப் பொறுப்புகள், ஊர் விசேஷங்களில் கலந்துகொள்வது இதெல்லாம் எவ்வளவு சிரமமாக இருந்தது என்று கேட்கும். சிரமமே இல்லை என்றால் 0, முடியவே இல்லை என்றால் 4. மொத்தம் 48, எண் குறைந்தால் தேறுகிறார் என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் உதவியையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் நீங்கள் கிணத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுகிறீர்கள் என்றால் குளிப்பதற்கு 1 என்றுகூட வரலாம், பக்கத்திலேயே “நான் ஊற்றினேன்” என்று எழுதி வையுங்கள். பதிலை ஆத்தாவே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வீடு. வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) ஆத்தங்குடிக் கல் தரையில் வாக்கரோடு நன்றாகவே நடப்பவர், உயரமான நிலைப்படியைத் தாண்ட முடியாமல் முகப்புக்கே வராமல் இருக்கலாம். நடப்பதற்கு 1, விசேஷத்துக்குப் போவதற்கு 4 என்று வந்தால் காலை மட்டும் குறை சொல்லாதீர்கள், படியைப் பாருங்கள். ஒரு சாய்தளமும் கைப்பிடியும் போட்டுவிட்டு அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கள். கால் அப்படியே இருந்தாலும் அந்த 4 இறங்கலாம், அதுவும் முன்னேற்றம்தான், என்னைக் கேட்டால் பெரிய முன்னேற்றம்.

வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு அதே நிறுவனத்தின் 26 கேள்வித் தாள் ஒன்று உண்டு, போன இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். கடுமையான குறை இருந்தும் “நல்லாத்தான் இருக்கேன்” என்று மனசாரச் சொல்பவர்கள் நிறையப் பேர். குறை கொஞ்சமாக இருந்தும் நொந்துபோனவர்களும் உண்டு. பிள்ளையார் நோன்புக்கு எல்லோரோடும் உட்கார்ந்து இழை (மாவில் வைத்து ஏற்றிய திரி) எடுத்துக்கொள்வது ஆத்தாவுக்குக் கிலோமீட்டர் நடப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம், அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சின்ன தாளில் மனசு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்றும் ஒரு கேள்வி வரும். அதில் 3, 4 என்று சொன்னால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் தாளோடு டாக்டரைப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு வைத்தியமும் உண்டு. வெளியே வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.