டாக்டர் ஏன் ரீல்ஸ் போடுகிறார்?

குழந்தை மருத்துவரான எனக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குழந்தைகளைப் பற்றியே இல்லை. என் வீடியோக்களைப் பற்றி! சரி, அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: முதுநிலை மருத்துவம் படிக்கிறேன். "நல்ல டாக்டருக்கு ஃபேஸ்புக்கில் உட்கார நேரம் இருக்காது" என்கிறார் எங்கள் துறைத் தலைவர். நீங்களோ ரீல்ஸ் போடுகிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: இதையேதான் நானும் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாயை அடைத்தவை இரண்டு மருந்து பாட்டில்கள்.

இரண்டு வயதுப் பையன், காய்ச்சல். வீட்டில் சிரப் தீர்ந்துவிட்டது. தம்பிப் பாப்பாவுக்கு வாங்கிய சொட்டு மருந்து இருந்தது. அதையே, வழக்கம்போல 5 மில்லி அளந்து ஊற்றிவிட்டார் அம்மா. இரண்டும் பாரசிட்டமால்தானே? அந்தச் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. அதாவது, 125 போக வேண்டிய வயிற்றுக்குள் 500 போயிருக்கிறது. நல்லவேளை, ஒரே வேளையோடு நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்னு இதுல சொன்னாங்க டாக்டர்" என்று போனை நீட்டினார். நாற்பது வினாடி வீடியோ. பேசியவர் மருத்துவர் இல்லை. ஆனால் என்ன தெளிவு, என்ன சிரிப்பு! நான் பத்து நிமிடம் தொண்டை வறள விளக்கியது அந்த ஒரு அம்மாவுக்கு மட்டும். அந்த வீடியோ எத்தனை அம்மாக்களுக்கு?

அன்று மாலையே இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்து, லேபிளில் அந்த எண் எங்கே பொடியாக அச்சாகியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். வெளிச்சம் மோசம். நடுவில் சிஸ்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். ஆனால் இன்றும், "லேபிள் பார்த்துட்டேன் டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வரும் பெற்றோர் இருக்கிறார்கள்.

2018-இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை அலசியதில், 1,500 பேரை எட்டுவதற்குப் பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் 1998-இல் வந்தது. பார்த்தது மொத்தம் 12 குழந்தைகளை. 2010-இல் லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றது. கட்டுரை செத்தாலும் அதன் ஆவி இன்னும் என் அறைக்கு வந்துபோகிறது. அது உலாவும் இடத்தில் போய்த்தானே பதில் சொல்ல வேண்டும்?

ஒன்று மட்டும் உங்கள் தலைவர் பக்கம் நின்று சொல்கிறேன்: கமிஷன் வாங்கிக்கொண்டு சத்து மாவு விற்கிற டாக்டர்களைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கேள்வி: என் ஆய்வுக் கட்டுரை ஜர்னலில் வந்திருக்கிறது. அதை நானே பகிர்ந்தால் தம்பட்டம் அடிப்பதாகாதா? (ஓர் ஆராய்ச்சியாளர்)

பதில்: "பெருமையுடன் அறிவிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் தம்பட்டம்தான். என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கரைசலில் டாக்டர்களைக் கை கழுவ வைத்துப் பிரசவ வார்டில் சாவைக் குறைத்தது 1847-இல். அதைப் புத்தகமாக எழுதியது 1861-இல். நடுவில் பதினாலு வருடம்! எழுதுவது என்றாலே அவருக்கு ஆகாது. இன்னொரு பக்கம், 2020 ஜனவரி 11 அன்று கொரோனா வைரஸின் மரபணு வரிசையை எட்வர்ட் ஹோம்ஸ் என்ற வைரஸ் ஆய்வாளர் இணையத்தில் போட்டு, ட்விட்டரிலும் சொன்னார். 13-ஆம் தேதியே மாடர்னா நிறுவனம் தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது.

படம் போடுங்கள். ஆண்ட்ரூ இப்ராஹிம் என்ற அறுவை மருத்துவர் 2016-இல் கட்டுரையின் சாரத்தை ஒரே படமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். தலைப்பை மட்டும் போட்டதைவிட, படத்தோடு போட்டவை சுமார் எட்டு மடங்கு பகிரப்பட்டன. கட்டுரையைத் திறந்தவர்கள் மூன்று மடங்குக்குள்தான்! பகிர்கிறவர்களின் லட்சணம் எங்கும் ஒன்றுதான். திட்டு விழும், அதற்கும் தயாராக இருங்கள். அதில் பத்தில் ஒன்று ஜர்னலுக்காக உங்கள் கட்டுரையைச் சரிபார்த்த ரிவ்யூவர் தவறவிட்ட ஓட்டையாக இருக்கலாம்.

கேள்வி: பெயரை மறைத்துவிட்டு எக்ஸ்ரே போடலாம் இல்லையா?

பதில்: அப்படித்தான் நானும் நினைத்தேன். தொண்டைக்குக் கீழே வட்டமாக ஒரு நிழல்; விளிம்பில் இரட்டை வளையம். நாணயம் இல்லை, பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும், காத்திருக்கவே கூடாது. எல்லோருக்கும் தெரியட்டும் என்று பெயர், தேதி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட்டேன். கூடவே ஒரு வரி: "இன்று மதியம், நாலு வயதுப் பாப்பா, அப்பாவின் கார் சாவியிலிருந்து."

இரவு பத்தரைக்கு அந்த அப்பா கூப்பிட்டார். "ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்ட அனுப்பி, இது உன் பொண்ணானு கேக்கறாங்க டாக்டர்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அழித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அடுத்த காய்ச்சலுக்கு அவர்கள் வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள். இப்போது, போடப்போகும் படத்தையும் வாசகத்தையும் பெற்றோரிடம் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கின பிறகுதான். 'இன்று' என்ற வார்த்தையை எழுதுவதே இல்லை.

கேள்வி: இன்பாக்ஸில் ரிப்போர்ட்டை அனுப்பி மருந்து கேட்டால்?

பதில்: ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "நேரில் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் இப்போதே அவசரப் பிரிவுக்கு." குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் எழுதும் மருந்து, ஜோசியம்.

கேள்வி: இதற்கெல்லாம் தினமும் எவ்வளவு நேரம் செலவாகிறது?

பதில்: ஓ.பி. முடிந்ததும் இருபது நிமிடம். என் மனைவியைக் கேட்டால் ஒன்றரை மணி என்பார். அவரைக் கேட்காதீர்கள்.