மெட்டல், பங்க், ஹார்ட்கோர் எல்லாம் இப்போது போலியாகிவிட்டதா?

ராக் இசையின் இந்த முரட்டு வகைகளில் புதிதாக வரும் பாட்டெல்லாம் ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருக்கிறதே என்ற கடுப்பில்தான் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கடுப்பு நியாயம்தான். ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தம்' என்று ஆரம்பித்தால் அங்கேயே சறுக்கல். நியூயார்க் பங்க் குழு ரமோன்ஸின் நால்வரும் உடன்பிறந்தவர்கள் இல்லை. ஒரே குடும்பப் பெயரையும் ஒரே மாதிரி தோல் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு வந்தவர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ், லண்டன் துணிக்கடைக்காரர் மால்கம் மெக்லாரன் மேய்த்த குழு. அவர்களுடைய 1977 ஆல்பத்தில் பேஸ் கிட்டாரைப் பெரும்பாலும் வாசித்தது போஸ்டரில் முறைக்கும் சிட் விஷியஸ் இல்லை, கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸ். இன்னொரு லண்டன் பங்க் குழு தி கிளாஷ் 1977 ஜனவரியிலேயே சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டாயிற்று. வேஷம் பிறக்கும்போதே கூட வந்தது.

போனது வேறு ஒன்று: வேறு வழியில்லாமல் பிறந்த சத்தம். பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமிக்குப் பர்மிங்காம் தகரப் பட்டறை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவதே அந்த விரல்கள்தான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குக் கூடு செய்து, மேலே தோல் ஒட்டினார். நம் தவில்காரர் துணியும் பசையும் சுற்றிப் போடும் விரல்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வலித்ததால் கம்பியைத் தளர்த்தினார். குழுவின் 1971 ஆல்பத்தில் ஒன்றரைச் சுரம் கீழே இறக்கிய அந்தக் கனம் இப்படி வந்ததுதான். இன்று அதே இறக்கம் மென்பொருளில் ஒரு பொத்தான். 1990-இல் வெளியான ஆல்பத்துக்காக ஸ்வீடன் மெட்டல் குழு என்டூம்ப்ட் ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் எடுத்த ரம்பச் சத்தமும் அப்படித்தான்: கிட்டாரைக் கரகரக்க வைக்கும் பாஸ் எச்எம்-2 பெடலின் 4 திருகையும் முழுக்கத் திருப்பியது. நார்வே மெட்டல் குழு டார்க்த்ரோன் 1994-இல் வெளியான ஆல்பத்தை 4 டிராக் டேப் மெஷினில் வீட்டிலேயே பதிந்தார்கள். இப்போது அந்தக் கரகரப்பையும் மென்பொருள் பிளக்கினாக விற்கிறார்கள். மோசமான சத்தம்கூட ஒப்பனையாகிவிட்டது.

அசலா இல்லையா என்று பேட்டியைப் படித்து முடிவு செய்யாதீர்கள். காதால் பிடிக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம்தான். பாட்டைத் திறந்து 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். இரண்டு டிராக்கில் ஒன்றை மட்டும் தேர்ந்து 'இன்வெர்ட்' கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நடுவில் இருக்கும் குரல், பேஸ், கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) எல்லாம் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போகும். ஒரே வாசிப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைத்திருந்தால் கிட்டார் அப்படியே நிற்கும். அதுவும் மறைந்தால், ஒரே டேக்கை, அதாவது ஒரே தடவை வாசித்த பதிவை, நடுவில் வைத்திருக்கிறார்கள் அல்லது நகலெடுத்து இருபுறமும் ஒட்டியிருக்கிறார்கள். சில மில்லிசெகண்ட் தள்ளி ஒட்டியிருந்தால் மறையாது, ஆனால் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கும். எம்பி3-இல் செய்தால் நீருக்கடியில் கொழகொழவென்று ஒரு மிச்சம் வரும். அதை நம்பாதீர்கள், வேவ் ஃபைல் வேண்டும்.

டிரம்ஸுக்கு இன்னும் சுலபம். பாட்டின் ஆரம்பத்தில் 30 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள், கடைசிப் பல்லவியிலும் எண்ணுங்கள். மனிதர்கள் சேர்ந்து வாசித்தால் பெரும்பாலும் பல்லவியில் கொஞ்சம் ஓடிவிடுவார்கள். இம்மி பிசகவில்லை என்றால் பெரும்பாலும் கிளிக் டிராக், அதாவது காதில் ஓடும் தாள டிக்-டிக்குக்கு வாசித்தது. பிறகு டபுள் கிக் (இரண்டு காலாலும் கிக்கை மாறி மாறி மிதிப்பது) ஓடும் இடத்தைப் பாதி வேகத்தில் கேளுங்கள். பலவீனமான கால் சற்றுத் தணிந்து விழ வேண்டும். எல்லா அடியும் ஒரே குரலில் விழுந்தால் சாம்பிள், அதாவது முன்பே பதிந்த ஒரே அடியின் சத்தம்.

இங்கே டிரிக்கர் போடும் நண்பர்கள் சண்டைக்கு வருவதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: டிரிக்கர் (டிரம்மர் அடிக்கும்போதெல்லாம் சாம்பிளை ஒலிக்க வைக்கும் கருவி) வேறு, அடிகளின் நேரத்தைக் கணினியில் இழுத்துத் தாளக் கட்டத்தில் ஒட்டுவது வேறு. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 தாளம்) பதினாறாம் அடி, அதாவது தாளத்துக்கு 4 அடி, ஓடினால் விநாடிக்கு 13 உதை. அந்த வேகத்தில் கால் பலமாக மிதிக்க முடியாது, கிட்டார் மூடிவிடும். அதனால் டிரிக்கர் தேவை. நேரம் டிரம்மருடையதாகவே இருக்கும். கட்டத்தில் ஒட்டினால்தான் ஆள் காணாமல் போகிறார்.

புதுச்சேரிப் பையன்கள் சொந்தமாகப் பதிய நினைத்தால்: மொட்டைமாடி ரூமின் சுண்ணாம்புச் சுவர் கைதட்டினால் கிர்ரென்று திருப்பி அடிக்கும். கோரைப்பாய் போதாது, இலவம்பஞ்சு மெத்தையை எதிரெதிர் சுவரில் ஒன்றில் நிறுத்துங்கள். டிரம்ஸுக்கு 3 மைக் போதும்: கிக்குக்கு ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டிரம்) பக்கம் ஒன்று. கடைசி இரண்டும் ஸ்நேர் (முன்னால் இருக்கும் சிறிய டிரம்) நடுவிலிருந்து சம தூரத்தில், சுமார் 1 மீட்டரில் இருக்க வேண்டும். கயிறு வைத்து அளந்துகொள்ளுங்கள். பிசகினால் ஸ்நேர் சொத்தையாகிவிடும். கிட்டாருக்கு எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் நடுமூடியின் விளிம்புக்கு நேராக ஓர் அங்குலத்தில் வையுங்கள். மேடையில் வைக்கும் கெயினில் (கரகரப்பின் அளவு) பாதி போதும், இரண்டு டேக் சேரும்போது தானாகத் தடித்துவிடும். எல்லோரும் சொதப்பும் இடம் இதுதான். கம்பிகளைக் கீழே இறக்கும் டிராப் சி சுருதிக்கு 10-46 தடிமன் கம்பி தொளதொளக்கும், 11-54 போடுங்கள். கடற்காற்றில் கம்பி சீக்கிரம் கறுக்கும், வாசித்ததும் துடைத்து வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் உம்மென்ற சத்தம் வந்தால் பெடலை மாற்றாதீர்கள், முதலில் சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா பாருங்கள்.

காசு விஷயத்துக்கு ஒரே உதாரணம். வாஷிங்டனின் ஹார்ட்கோர் இசைத்தட்டு நிறுவனம் டிஸ்கார்ட் 1980-இல் தன் முதல் தட்டு 1,000 பிரதிக்கும் உறையைக் கையால் வெட்டி, மடித்து, ஒட்டியது. அங்கிருந்து வந்த ஃபுகாசி குழு கச்சேரி நுழைவுக்கட்டணத்தை 5 டாலரில் வைக்கப் பாடுபட்டது, டி-ஷர்ட் விற்றதே இல்லை. நம் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மெட்டாலிகா பனியன் வாங்குகிறவரை நான் திட்டவில்லை, வெயிலுக்குப் பருத்தி நல்லது. என் ஆத்திரம் வேறு. ஜூன் 21 இசைத் திருநாளுக்கு மட்டும் இங்கே தெருவெல்லாம் இசை. மற்ற நாளில் கஃபேக்காரர் 'தெரிஞ்ச பாட்டா வாசிங்க தம்பி, சவுண்டு கம்மியா' என்பார். சம்பளம் கேட்டால் 'விளம்பரம் ஆகுதுல்ல' என்பார். டிரம்ஸ் செட்டை ஏற்றிவந்த குட்டியானை வாடகை யார் தலையில் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.