பழைய செஸ் ஆட்டங்களை மனப்பாடம் செய்தால் போட்டியில் வெல்லலாமா?

நீங்கள் பள்ளிப் போட்டிக்குத் தயாராகிறவர் என்று நினைக்கிறேன். வெறும் மனப்பாடம் என்றால் வெல்ல முடியாது. பட்டவன் சொல்கிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்கு செஸ் பழக்கிய சேர், 1907இல் இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில் ரொட்லெவியை செஸ் மேதை ருபின்ஸ்டீன் கறுப்புக் காயில் வென்ற ஆட்டத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கறுப்பு தன் ராணியையே வெட்டக் கொடுத்து 25ஆவது நகர்வில் வெல்லும். அத்தனையையும் நான் பாடமாக்கினேன்.

மாகாணப் போட்டியில் எனக்குக் கறுப்பு, அந்த ஆட்டத்தில் வந்த அதே டாராஷ் தற்காப்பு என்ற தொடக்க முறை. ரொட்லெவி 6ஆவது நகர்வில் கறுப்பின் பக்கச் சிப்பாயை வெட்டுவார். என் எதிரே இருந்த கல்முனைப் பையன் அதைத் தொடவே இல்லை. நடுவில் சிப்பாயை மாற்றிக்கொண்டு, மந்திரியை ராஜா பக்க மூலையில் கொண்டுபோய் வைத்தான். என் நடுச் சிப்பாய் துணையில்லாமல் நின்று செத்தது. அந்த முறைக்கு ஷ்லெக்டர்–ருபின்ஸ்டீன் என்று பெயராம், பிறகுதான் தெரிந்தது. நான் கும்பிட்ட ஆளே எனக்கு எதிராக ஆயுதம் செய்து வைத்திருக்கிறார்!

சேரிடம் போனால், "மனே, முடிவைப் பாத்தாய், தொடக்கத்த எண்ணினியா?" என்று புளியங்கொட்டையை எடுத்தார். ரொட்லெவி ஆட்டத்தில் நகர்வுக்கு ஒரு கொட்டை. வெள்ளை ராணி ராஜாவுக்கு முன்னால் வந்து நிற்க இரண்டு கொட்டை, கறுப்புக்கு ஒன்று. வெள்ளை மந்திரி வந்து, போய், திரும்பி வர மூன்று, கறுப்புக்கு இரண்டு. 15ஆவது நகர்வில் வெள்ளை ராஜாவைக் கோட்டைக்குள் ஒளிக்கும்போது இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஆனால் கறுப்பின் ஒரு கோட்டைக் காய் (யானை) ஏற்கெனவே ராணி வரிசைக்கு வந்துவிட்டது, அடுத்த முறையும் கறுப்புக்குத்தான். முதலில் தொடங்கியது வெள்ளை, பாருங்கள். ராணித் தியாகம் முளைத்தது அந்தக் கொட்டைகளில்.

இதையெல்லாம் கணினி நொடியில் காட்டுமே என்று சிலர் வருவீர்கள். காட்டும், நானும் பார்க்கிறேன். ஆனால் அது புள்ளிதான் தரும், எனக்குக் காரணம் புரிந்தது எண்ணிப் பார்த்தபோது. என் ரேட்டிங்கைக் கேட்டு வராதீர்கள், சொல்லமாட்டேன்.

அந்தக் கொப்பியை "நாளைக்குத் தாறன்" என்று வாங்கிப்போன நண்பன் இப்போது வெளிநாட்டில். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்து அனுப்புகிறான். கொப்பி என்று எழுதினால் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான்.