பழைய டர்ன்டேபிள், 10,000 ரூபாய்: முதலில் எதை மாற்றுவது?

பெங்களூரில் அப்பாவின் பழைய டர்ன்டேபிளுக்கு (இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி) 10,000 ரூபாயில் முதலில் ஸ்பீக்கர் வாங்கலாமா, ஆம்ப்ளிஃபையரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம், ஊசியை மாற்றுங்கள். தேய்ந்த ஊசி ஒலியைக் கெடுப்பதோடு நிற்காது. இசைத்தட்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தையே அரித்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் அந்தத் தட்டு மீளாது. உங்கள் டோன் ஆர்மில், அதாவது ஊசியைத் தாங்கும் கையில், அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகு போடும் கார்ட்ரிட்ஜ் (ஊசி செருகப்படும் சிறு பாகம்) பொருந்துமானால், ஆடியோ-டெக்னிக்கா ஏடி-விஎம்95இ நல்ல தேர்வு. பின்னாளில் பணம் சேரும்போது அதே கார்ட்ரிட்ஜில் மைக்ரோலீனியர் என்ற இன்னும் நுண்ணிய முனை கொண்ட ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஊசி தட்டின் மேல் கொடுக்க வேண்டிய அழுத்தம் 2 கிராம். அதை அளக்கும் சின்ன தராசையும் தட்டைத் துடைக்க ஒரு கார்பன் ஃபைபர் பிரஷையும் கட்டாயம் வாங்குங்கள், இந்த ஊர்த் தூசிக்குத் தேவை. ஸ்பீக்கர் அடுத்த கட்டம். எப்போதுமே டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். அதிர்வு ஊசிக்குப் போய் இரைச்சலாகத் திரும்பும்.