மிக்கி மவுஸும் மகாராணியும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா ஊருக்கு வந்தபோது என் மகளுக்கு ஒரு வெள்ளி நாணயம் கொடுத்தார். ஒரு பக்கம் மிக்கி மவுஸ், மறுபக்கம் எலிசபெத் மகாராணி. ‘நியுவே, 2 டாலர்’ என்று போட்டிருக்கிறது. அப்படி ஒரு நாடு உண்டா? இது நிஜக் காசா, பொம்மையா? நகைக்கடைக்காரர் வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன் என்கிறார். மாமாவை யாரோ ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். லேசாகக் கறுத்திருக்கிறது, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

க., கரூர்

அன்புள்ள க.,

முதலில் கையை எடுங்கள். விபூதி, புளி, பற்பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு தேய்த்த கையோடு நானும் ஒரு வெள்ளி நாணயத்தைத் தேய்த்திருக்கிறேன். முகம் பார்க்கலாம் போலிருந்த பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள். காசு பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். சேகரிப்பவர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாடு உண்டு. நியூசிலாந்துக்கு வடகிழக்கே, பசிபிக்கில் ஒரு பவளப்பாறைத் தீவு. பரப்பு 260 சதுர கிலோமீட்டர், மக்கள் இரண்டாயிரம் பேர்கூடக் கிடையாது. நியுவேக்காரர்களில் பெரும்பாலோர் வசிப்பது நியூசிலாந்தில். 1974 முதல் தன்னாட்சி; கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர். உங்கள் மிக்கி மவுஸ் அங்கே யாருடைய பையிலும் இருக்காது.

ஆனால் பொம்மையும் இல்லை. ஒரு நிறுவனம் எவ்வளவு அழகாக வெள்ளி வில்லை அடித்தாலும் அது வெறும் பதக்கம்தான். ஒரு நாட்டின் பெயரும் மதிப்பும் ஏறினால்தான் அது நாணயம். பெரிய நாடுகள் தங்கள் காசில் எலியை உட்கார வைக்க யோசிக்கும். நியுவே பெயரைக் கொடுக்கிறது, ராயல்டி வாங்கிக்கொள்கிறது. அடிப்பது ஆக்லாந்தில் இருக்கும் ‘நியூசிலாந்து மின்ட்’. பெயரைக் கேட்டால் அரசு நாணயச்சாலை போல இருக்கும், ஆனால் தனியார் நிறுவனம். நியூசிலாந்தின் சொந்தச் சில்லறையோ வெளிநாட்டில் அச்சாகி வருகிறது!

இதே நியுவே 2011-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாக் கதாபாத்திரங்களை நாணயமாக்கியது. பலாவு என்ற இன்னொரு பசிபிக் தீவு நாடு 2007-இல் லூர்து மாதா நாணயத்தில் லூர்துத் தீர்த்தம் நிரப்பிய சின்னக் குப்பியையே பதித்தது. பலாவில் புழங்குவது அமெரிக்க டாலர் என்பது தனிக்கதை.

இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். துவாலு என்ற குட்டித் தீவு நாடு தன் ‘.டிவி’ இணைய முகவரியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறதே, அந்த மாதிரிதான். பெரிய விளைநிலமும் தொழிற்சாலையும் இல்லாத தீவிடம் விற்க மிச்சமிருப்பது பெயர். எனக்கு எரிச்சல் வாங்கத் தூண்டுபவர்கள் மேல்தான். ‘உலகத்துக்கே இத்தனைதான், விலை ஏறும்’ என்பார்கள். அந்த ஒரு நாணயத்தில் அத்தனைதான், சரி. அடுத்த மாதமே மிக்கியின் ஜோடி மினி வரும், அப்புறம் டொனால்ட் வாத்து வரும்.

இப்போது கணக்கு. முகமதிப்பு, அதாவது காசில் போட்டிருக்கும் தொகை, 2 நியூசிலாந்து டாலர், ஏறக்குறைய நூறு ரூபாய். ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்றால் 31.1 கிராம், அதன் விலை நூறு ரூபாயைவிடப் பல மடங்கு. அதனால் யாரும் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கப் போவதில்லை. மாமா அதற்கும் மேலே கொடுத்திருப்பார். மிக்கிக்கும் பெட்டிக்கும் கடைக்காரருக்கும் போன பணம் அது. உங்கள் நகைக்கடைக்காரருக்கு மிக்கி யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை, அவர் சொன்னது நியாயமான விலைதான். ஒன்று மட்டும் பாருங்கள்: ‘1 அவுன்ஸ், 999’ என்று இருக்கிறதா? 999 என்றால் சுத்த வெள்ளி. ஸ்டார் வார்ஸ் வரிசையில் வெள்ளி முலாம் பூசிய ஒரு டாலர் காசுகளும் வந்தன.

பெட்டியும் சான்றிதழும் மாமாவிடம் இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். பாப்பா விளையாட ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் கூட்டோடு கொடுங்கள், திறந்து தராதீர்கள்.